கீழே விழுந்த நட்டு

வாங்க, வாங்க. ஈரோட்டுலருந்து வண்டி பாக்க வர்றவருதானுங்க? டாக்டரம்மா போன் பண்ணிச் சொல்லுச்சு. அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, கிரீஸு. இந்தச் சேரை இழுத்துப் போட்டுக்குங்க. ஒர்க்‌ஷாப்புக்கு யாராச்சும் வெள்ளைச் சட்டை போட்டுட்டு வருவாங்களா? நல்ல ஆளு போங்க. டீ சொல்லியிருக்கேன்.

வண்டி அதோ மூலையில நிக்குது. கவரை எடுத்துடறேன், இருங்க. சுத்தி வந்து பாருங்க, தட்டிப் பாருங்க. என்ற வாயால நான் ஒண்ணும் புகழ மாட்டேன்.

டாக்டரம்மா எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதானுங்க சொல்லுச்சு. "நாச்சிமுத்தண்ணா, வாங்க வர்றவருகிட்ட எதையும் மறைக்கக் கூடாது. போன ரேஸ்ல எஞ்சினைக் கெடுத்தது நான்தான்னு சொல்லிருங்க. தப்பான கியரைப் போட்டு நான்தான் ஒடச்சேன். அது தெரிஞ்சுட்டுத்தான் அவரு வாங்கோணும்." இதேதான் சொல்லுச்சு. செரி, சொல்லிட்டேன். தப்பான கியரு, எஞ்சின் போச்சு, நான் எறக்கி மறுபடியும் வேலை செஞ்சுட்டேன், இப்ப கிண்ணுன்னு இருக்குது. அவ்வளவுதானுங்க விஷயம். கிளினிக்கை முடிச்சுட்டு அந்தம்மாவே வந்துரும், மீதியை நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க.

என்னங்க, பானெட்டைத் தெறக்கோணுமா? தெறந்தாப் போச்சு.

அதா, அதுதானுங்க மேனிஃபோல்டு. நாலு காம்போட மாட்டு மடியாட்டம் தொங்குது பாருங்க. எஞ்சினுக்குக் காத்து அது வழியாத்தான் போகோணும். கம்பெனியில போட்டு வர்றது பிளாஸ்டிக்கு, குழா நீளமா மெலிசா இருக்கும். காந்திபுரம் சிக்னல்ல நின்னு நின்னு போறதுக்கு அது போதும். ரேஸுல எஞ்சினுக்கு மூச்சு முட்டும். இது அலுமினியம். குழா குட்டை, வாய் பெருசு. கீழ கொஞ்சம் சோம்பலா இருந்தாலும் மேல போகப் போக இழுக்கும் பாருங்க, சீட்டோட முதுகு ஒட்டிக்கும். நம்ம கையால போட்டதுதான். கணபதியில, சிங்காநல்லூர்ல எங்க வேணாக் கேளுங்க, மேனிஃபோல்டு மாத்தோணும்னா நாச்சிமுத்துகிட்டப் போன்னு சொல்லுவாங்க. சொல்லுவாங்கன்னா, இன்னைக்கும் சொல்றாங்க. அந்தம்மா புண்ணியத்துல இன்னைக்கும் சொல்றாங்க.

எப்படிப்பட்ட ஜாக்கிரதையான ஆளு நானுன்னு கேளுங்க. பழைய மேனிஃபோல்டைக் கழட்டுனா எஞ்சின் தலையில நாலு ஓட்டை தெறந்து கிடக்கும். அதுக்குள்ள எது விழுந்தாலும் நேரா எஞ்சின் வயித்துக்குள்ளதான். அதனால மொத வேலையா பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி நாலையும் அடைச்சுப்போடுவோம். திருப்பூர் பனியன் கம்பெனியில வெட்டி மிஞ்சுன துணிங்க, மூட்டை மூட்டையா வரும். அதுலயும் நான் செவப்புத் துணியைத்தான் பொறுக்கி எடுப்பேன். கறுப்பு எடுத்தா மறந்து உள்ள விட்டுருவோம், செவப்புன்னாக் கண்ணைக் குத்துமல்ல? யாருங்க இவ்வளவு பாக்கறாங்க இந்தக் காலத்துல?

அந்த ஓட்டைக்குள்ள ஒண்ணும் விழுகலீங்க. அதை நான் எந்தக் கோயில்ல வேணாச் சொல்லுவேன்.

அன்னைக்கு மத்தியானம் டாக்டரம்மா இங்கதான் இருந்துச்சு. நீங்க உக்காந்திருக்கற இதே சேரு. பல் டாக்டரு, பேரு இந்துமதி. பீளமேட்டுல கிளினிக்கு. ரேஸுக்கு மூணு வருசமா வர்றாங்க. மத்தவங்கெல்லாம் வண்டியை விட்டுட்டுப் போயிருவாங்க, சாயங்காலம் வந்து சாவியை வாங்குவாங்க. இந்தம்மா அப்படியில்லீங்க. பக்கத்துல உக்காந்து, "இது என்னண்ணா, அது எதுக்கண்ணா"ன்னு கேட்டுட்டே இருக்கும். பதினாலு நம்பர் ஸ்பேனரு கேட்டா பதினாலு நம்பர்தான் கைக்கு வரும். அப்படி ஒரு சுறுசுறுப்பு.

மேனிஃபோல்டைத் தூக்கி வெச்சு, கேஸ்கட்டு போட்டு, இறுக்கிட்டேன். கேஸ்கட்டுன்னா எஞ்சினுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல வர்ற தகடுங்க. ஒருக்கா இறுக்குனா நசுங்கிரும், கழட்டுனாப் புதுசுதான் போடோணும். வெளிநாட்டுச் சரக்கு, மேனிஃபோல்டோட வந்தது அந்த ஒண்ணுதான். இன்னொண்ணு வேணும்னா சொல்லிவெச்சுக் காத்திருக்கோணும். ரேஸு சனி ஞாயிறு. இதெல்லாம் மனசுல வெச்சுக்குங்க, அப்பத்தான் நான் சொல்றது புரியும்.

அப்பறம் மேனிஃபோல்டுக்குக் காத்து உள்ள போற வாயில திராட்டிலை, அதான் காத்தைத் தெறந்து மூடற கதவு, அதை மாட்டிட்டிருக்கேன். நாலு நட்டு. மூணு ஏறிடுச்சு. நாலாவது, கையில வேர்வை, வழுக்கிடுச்சு. டிங்குன்னு ஒரு சத்தம்.

டாக்டரம்மா, "என்னண்ணா விழுந்துச்சு?"ன்னு கேட்டுச்சு.

நான், "ஒரு நட்டும்மா, கீழ விழுந்துருச்சு"ன்னேன்.

அட, நட்டு கீழ விழுகறது ஒர்க்‌ஷாப்புல ஒரு அதிசயமா? தெனம் விழுகும். அந்தம்மா சடார்னு எறங்கி, கிளினிக்குக்குப் போட்டுட்டுப் போற நல்ல சுடிதாரோட, அந்த எண்ணெய்த் தரையில மண்டி போட்டு, செல்போன் லைட்டை அடிச்சுட்டுத் தேடுது. வண்டிக்கு அடியில, பெஞ்சுக்கு அடியில, அந்த டயருக்குப் பொறகால எல்லாம். "கிடைக்கலியேண்ணா"ங்குது. நான் பேருக்குக் காந்தக் குச்சியைத் திராட்டில் வாய்க்குள்ள விட்டுப் பாத்தேன். அந்தக் கோடிக்கு எட்டலை. செரின்னு டப்பாவுலருந்து வேற நட்டு எடுத்து மாட்டிட்டேன். "போனாப் போகுதும்மா, எந்திரிங்க, துணியெல்லாம் கறையாகுது"ன்னேன்.

சிமெண்டுல விழுந்தா டொக்குன்னு கேக்கும்ங்க. அலுமினியத்துல விழுந்தாத்தான் டிங்கு. முப்பது வருசம் இதுலயே கிடக்கற காது, தெரியாதா? தெரியும். ஆனா ஒரு சந்தேகம்னு வருமல்ல? சந்தேகத்துக்காக ஒரு கேஸ்கட்டைக் கெடுத்து, ரேஸையும் விட்டுட்டு, அந்தம்மா மூஞ்சியைப் பாத்து "இந்தத் தடவை இல்லம்மா"ன்னு யாரு சொல்றது? அது மொத நாள் தூங்கியிருக்காதுங்க, அவ்வளவு ஆசை. அந்தம்மா ஆசைக்காகத்தானுங்க நான் விட்டது. எனக்கென்ன வந்துச்சு?

டீ வந்துருச்சு, எடுத்துக்குங்க. சர்க்கரை தூக்கலா இருக்கும், நம்ம கடைக்காரன் அப்படித்தான்.

சனிக்கிழமை பிராக்டீஸு ஜம்முன்னு போச்சு. ஞாயித்துக்கிழமை ரேஸு. டாக்டரம்மா ரெண்டாவதா போயிட்டிருக்காங்க. முன்னாடி போற பையனை அடுத்த சுத்துல தாண்டிரும், எனக்குத் தெரியும், ஓட்டற ஓட்டே சொல்லுது. கடைசி வலது வளைவு, அங்க பிரேக் போட்டுக் கியரை எறக்கோணும். எறக்குச்சு. அந்த நேரத்துலதான் படபடபடன்னு ஒரு சத்தம். வெள்ளையாப் பொகை. வளைவுல திரும்பறப்போ மேனிஃபோல்டுக்குள்ள சும்மா கிடக்கறது ஒரு பக்கமா உருளுமல்ல? அதுவரைக்கும் ஓரமா ஒதுங்கிக் கிடந்த சனியன் அப்பத்தான் குழாயைத் தேடிப் போயிருக்குது. அது எனக்கு அங்கயே தெரிஞ்சு போச்சு.

வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க. ரேஸ் கிளப்புக்காரங்க எல்லாம் சுத்தி நிக்கறாங்க. எங்களுக்குப் போட்டியா ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கற சென்னியப்பனும் நிக்கறான், வாயெல்லாம் பல்லா. நான் வாயைத் தெறக்கறதுக்கு முன்னாடி, டாக்டரம்மா ஹெல்மெட்டைக் கழட்டிட்டு அத்தனை பேரு முன்னாலயும் சொல்லுச்சு. "என் தப்பு. மூணாவதுக்குப் போகோணும், ரெண்டாவதுல போட்டுட்டேன் போல. அண்ணன் வேலையில ஒரு குறையும் இல்ல." கண்ணு நெறஞ்சு போச்சு. என்ற கையைப் புடிச்சுட்டு, "மன்னிச்சுக்குங்கண்ணா, உங்க எஞ்சினை ஒடச்சுட்டேன்"னுச்சு.

நான் சொன்னேனா? ஒரு வார்த்தை நான் சொன்னேனா? அவங்களாச் சொன்னாங்க. நான் ஒரு பொய்யும் சொல்லலீங்க, அதை நல்லாக் கேட்டுக்குங்க. "பரவால்லம்மா, விடுங்க"ன்னுதான் சொன்னேன்.

வேகமாப் போறப்போ ரெண்டாவதுல போட்டாலும் எஞ்சின் அப்படித்தான் போகும், வால்வு வளையும். அதனால யாருக்கும் சந்தேகம் வரலை. ஆனா கியருனால போனா நாலு சிலிண்டரும் அடி வாங்கும். இங்க எறக்கிப் பாத்தா ஒண்ணே ஒண்ணு. நாலாவது பிஸ்டன் தலையில கொத்திக் கொத்தி வெச்சாப்புல பள்ளம். அதுல தட்டையாகி ஒட்டிக்கிட்டுக் கிடக்குது, நம்மாளு. ஆறு மூலையும் போயி அம்பது பைசா மாதிரி ஆயிருச்சு.

அந்தம்மா கேட்டுச்சு, "பாக்கலாமாண்ணா?" வளைஞ்ச வால்வை மட்டும் எடுத்துக் காட்டுனேன். கூலி ஒரு பைசா வாங்கலீங்க. அதுக்கும் "நீங்க ரொம்ப நல்லவருண்ணா"ன்னு சொல்லிட்டுப் போகுது. அதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம் என்னைய.

இந்தக் கொடுமை பத்தாதுன்னு எங்கூட்டுக்காரி. பேரு துளசிமணி. எஞ்சின் போன நாளுலருந்து அவளுக்கு ஒரே நெனப்பு, சென்னியப்பன்தான் என்னமோ பண்ணிப்புட்டான்னு. "ரோட்டுல பாத்தாத் தலையைக் குனிஞ்சுட்டுப் போறானுங்க, குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்காதா?"ங்கறா. அவன் செல்போனைப் பாத்துட்டுப் போறான், பாவம். சொன்னாக் கேக்கறாளா? ஒரு வெள்ளிக்கெழமை காத்தால ஆனைமலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. மாசாணியம்மன் கோயிலுங்க, தெரியுமல்ல? நமக்குக் கெடுதி பண்ணுனவங்களை ஆத்தா பாத்துக்கோணும்னா அங்க மொளகா அரைச்சு நீதிக்கல்லுல பூசுவாங்க. அரைச்சுப் பூசுனா, தப்புப் பண்ணுனவனுக்கு ஒடம்பு பூரா எரியும்பாங்க.

துளசிமணி முந்தானையை இழுத்துச் சொருகிட்டு உக்காந்துட்டா. "எங்க எஞ்சின் போனதுக்கு எவன் காரணமோ, அவன் வயிறு எரியோணும் ஆத்தா, அவன் சோறு திங்கக் கூடாது ஆத்தா"ன்னு அரைக்கறா பாருங்க, அம்மிக்கல்லே தேயற மாதிரி! எங்கிட்டத் திரும்பி, "சும்மா நிக்காதீங்க, தண்ணி ஊத்துங்க"ங்கறா. நான்தானுங்க தண்ணி ஊத்துனேன். எனக்கு நானே. மனசுக்குள்ள, "ஆத்தா, இவ அறியாமச் சொல்றா, புருசனைத்தான் சொல்றோம்னு தெரியாது"ன்னு கும்புட்டுட்டே ஊத்துனேன். அந்தத் தட்டையான நட்டு சட்டைப் பையில இருந்துச்சு. அதை உண்டியல்ல போட்டுட்டு வந்துட்டேன். "எவ்வளவு போட்டீங்க?"ன்னு கேட்டா. "உள்ளதைப் போட்டேன்"னேன்.

அன்னைக்குலருந்து வயித்துல எரிச்சலுங்க. டாக்டரு அல்சருங்கறாரு. அல்சரு எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். துளசிமணி தெனம் மோரு கரைச்சுக் குடுக்கறா, பாவம்.

சிரிக்காதீங்க. சிரிக்கற விசயம் இல்லீங்க.

அந்தம்மா ரேஸுக்கு வர்றதை விட்டுருச்சு. செரி, எஞ்சின் செய்ய நாளாகும், அதனாலன்னு நெனச்சேன். எஞ்சின் தயாரு, வாங்கன்னேன். வரலை. ஒரு நாள் பாக்கறேன், வீட்டு வண்டியை வீட்டுக்காரரு ஓட்டறாரு, இவங்க பக்கத்துல உக்காந்திருக்காங்க. முன்னாடியெல்லாம் அவரை ஸ்டீயரிங்கு பக்கம் விடவே விடாது. என்னம்மான்னா, "கியர் மாத்தறப்போ குனிஞ்சு பாத்துத்தான் மாத்தறேண்ணா, ரோட்டுல அப்படி ஓட்டக் கூடாதல்ல?"ங்குது.

கிளினிக்குலயும் ஏதோ கஷ்டமான பல்லுன்னா இப்ப இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுதாம். "என் கை எனக்குச் சொல்லாமத் தப்புப் பண்ணிருச்சுண்ணா, இனி எப்படி நம்பறது?"ன்னு எங்கிட்டக் கேக்குது. பல்லுப் புடுங்கறதுக்கும் கியருக்கும் என்னங்க சம்பந்தம்? படிச்சவங்க இப்படித்தான், ஒண்ணோட ஒண்ணை முடிச்சுப் போட்டுக்குவாங்க.

ஆனா நான் சும்மா இருந்தேன்னு நெனக்காதீங்க. என்னால முடிஞ்சதைச் செஞ்சேன். எனக்கு ஒரு கடவாய்ப் பல்லு ரொம்ப நாளாச் சொத்தை. நேராக் கிளினிக்குக்குப் போயிட்டேன். "இதை நீங்கதாம்மா புடுங்கோணும், வேற யாரு கையும் படக் கூடாது"ன்னேன். அந்தப் பல்லு கையோட வந்துச்சுன்னா அந்தம்மாவுக்குத் தைரியம் வந்துரும், எல்லாம் செரியாப் போகும், நான் எதையும் சொல்ல வேண்டியதும் இல்ல. நல்ல ரோசனைதானுங்க?

ஊசி போட்டுச்சு. பல்லுப் புடுங்கற குறடு எடுத்துச்சு. பல்லைப் புடிச்சுது. கை நடுங்குதுங்க. எனக்கு வாய்க்குள்ள தெரியுது, டகடகடகன்னு அடிக்குது. இதே கைதானுங்க நூத்தி நாப்பதுல வளைவு எடுத்த கை. கையிலிருந்த குறட்டைக் கீழ வெச்சுட்டுத் தள்ளி நின்னு, "மன்னிச்சுக்குங்கண்ணா, என்னால ஆகலை"ன்னுச்சு. வெளிய போயி இன்னொரு டாக்டரை அனுப்பிச்சு.

அப்பச் சொல்லியிருக்கலாம்தான். நாக்கு மரத்துப் போயிக் கிடந்துச்சு. மரத்துப் போன நாக்கை வெச்சுட்டு என்னத்தைச் சொல்றது? நாக்கு திரும்பி வந்தப்போ வீட்டுக்கு வந்துட்டேன்.

அடுத்த வாரம்தான் வண்டியை வித்துருங்கண்ணான்னுச்சு.

தம்பி, உங்ககிட்ட எதுக்கு இத்தனையும் சொல்றேன்னா, நீங்க இந்த வண்டியை வாங்காதீங்க. கும்புட்டுக் கேக்கறேன். வித்துட்டா அந்தம்மா அவ்வளவுதான், திரும்ப ஓட்டவே ஓட்டாது. வண்டி இங்கயே நின்னுதுன்னா எப்பவாச்சும் ஒரு நாள் மனசு மாறும். வந்ததும், கலரு புடிக்கலைன்னு சொல்லிருங்க. எஞ்சினைப் பத்தி மட்டும் வாயைத் தெறக்காதீங்க, அப்பறம் அதுவும் தன்னாலதான்னு எடுத்துக்கும்.

என்னங்க? நான் சொல்றதா?

சொல்றது சுலபமுங்களா? நீங்க ஈரோட்டுக்குப் போயிருவீங்க. நான் இந்தப் போர்டுக்குக் கீழ தெனம் உக்காரோணும். எஞ்சினுக்குள்ள நட்டை விட்டவன்னு பேரு வந்தா எவன் வண்டியைக் கொண்டாந்து விடுவான்? சென்னியப்பன் வெடி வெச்சுக் கொண்டாடுவான். துளசிமணிக்கு என்ன சொல்றது, நீ அரைச்சது என்னையத்தான்னா? முப்பது வருசமுங்க. ஒரு நட்டு. முப்பது வருசத்துல ஒரே ஒரு நட்டு.

அதைவிட, அந்தம்மா என்னைய எப்படிப் பாக்கும்? அதை நெனச்சாத்தானுங்க... இத்தனை நாளா அண்ணா அண்ணான்னு கூப்புட்ட வாய்ங்க.

உஸ்ஸ். ஸ்கூட்டர் சத்தம். வந்துருச்சு. கலருன்னு சொல்லிருங்க, என்ன? கலரு.

வாங்கம்மா, வாங்க. ஆமாங்கம்மா, இவருதான். ஆமா, சொல்லிட்டேன். எல்லாமே சொல்லிட்டேன்மா. டீ குடிச்சாச்சு. நீங்க உக்காருங்க, நிக்காதீங்க.

இல்லம்மா, அவரு வேண்டாம்னு சொல்லலை. இன்னும் ஒண்ணுமே சொல்லலை. ஏனுங்க, சொல்லுங்களேன்... என்ற மூஞ்சியையே பாத்தா?

ஐயோ, அம்மா, நீங்க எதுக்கும்மா இவருகிட்டப் போயி மன்னிப்புக் கேக்கறீங்க? இவரு யாரு உங்களுக்கு? வேண்டாம்மா. அந்தக் கையை அப்படி நீட்டிக் காட்டாதீங்கம்மா, இந்தக் கைதான் ஒடச்சுதுன்னு காட்டாதீங்க. கையைக் கீழ எறக்குங்க. நான் சொல்றதைக் கேளுங்க. உக்காருங்க மொதல்ல.

அன்னைக்கு இங்க மண்டி போட்டுத் தேடுனீங்களேம்மா. ஒரு நட்டு கீழ விழுந்துருச்சுன்னு நான்...

இல்லீங்கம்மா. அது கீழ விழுகலை.